கோப்பையை ஆர் கழுவுறது?

"பிரெஞ்சுக்காரர் ராசாவின்ரை தலையை வெட்டின கதையைப் படிச்சு நீ என்ன செய்யப் போறாய், பிள்ளை?" என்று மாமா ஒருநாள் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். சிரித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினேன்.

இன்று, இத்தாலியில் நாங்கள் இருக்கும் நகரத்தின் வியா மக்வேதா வீதியில் நடக்கையில் ஒரு மாடி யன்னலிலிருந்து கோப்பி மணமும் தோடம்பழத் தோலின் மணமும் வந்தன. அம்மா முன்பு வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் மேசை கண்முன் வந்துவிட்டது.

அவர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை. பின்னேரங்களில் சிநேகிதிகளோடு இருந்து பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிக் கை வீசிக் கதைப்பார். அம்மா கோப்பி ஊற்றுவார். நான் மேசைக்குக் கீழே இருந்து தோடம்பழத் தோலை நசித்து மணந்துகொண்டிருப்பேன்.

"என்னவாம்?" என்று இத்தாலியன் விளங்காத அம்மா ஒருநாள் கேட்டார்.

"எல்லாரும் சமமாம், அம்மா."

"அப்பிடியே? அப்ப இந்தக் கோப்பையளை ஆர் கழுவுறதெண்டு கேள்."

நான் இத்தாலியனில் அப்படியே கேட்டேன். சிநேகிதிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். கோப்பைகளை அம்மாதான் கழுவினார். ஏதோ வென்றுவிட்டவர்போலப் பாடிக்கொண்டு கழுவினார்.

சிஞ்ஞோரா இப்போது உயிரோடு இல்லை. அம்மாவுக்கு முழங்கால் நோ, பாடுவதும் குறைந்துவிட்டது. அந்தக் குசினியும், ஈரக் கையோடு பாடிய அம்மாவும் ஒருமுறை திரும்பி வரமாட்டார்களா என்று யன்னலுக்குக் கீழேயே நின்றேன்.

அம்மாவின் கேள்விக்கு அன்று ஒருவரும் பதில் சொல்லவில்லை. புரட்சிக் காலத்துப் பாரிசில், சமத்துவம் பேசிய வீடுகளில் கோப்பை கழுவிய பெண்களைப் பற்றித்தான் என் ஆய்வு. தலைப்பைப் பேராசிரியரிடம் நேற்றே கொடுத்துவிட்டேன்.