ஹாரன் அடிக்காமல் போன குவாலிஸ்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டாக்ஸி ஓட்டிய எங்கள் கூட்டத்தில் நல்லதம்பியைப் போல வண்டியைத் துடைத்த ஆள் கிடையாது. சவாரிக்குப் போகும் முன்னால் ஒரு துடை, வந்த பிறகு ஒரு துடை. பார்க்கிற எனக்கு எரிச்சலாக வரும். "மாப்ள, பெயிண்டு உரிஞ்சுறப் போவுது" என்பேன். "உரிஞ்சா உன் வண்டியில கொஞ்சம் சொரண்டிக்கிறேன் தர்மராஜ்" என்பான். என்னுடையது அம்பாசடர். ஹாரனைத் தவிர மற்ற எல்லாமே சத்தம் போடும் என்று ஸ்டாண்டில் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணிவிட்டுப் போகட்டும்.

1995இல் பெரம்பலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் வந்தது, ரயில் மட்டும் வரவில்லை. அதனால் எங்கள் பிழைப்பு ஓடியது. அப்போது ஸ்டாண்டில் நின்ற ஏழு வண்டிகளும் அம்பாசடர்தான், நல்லதம்பியுடையதும் சேர்த்து. 97இல் அரியலூர்ப் பக்கம் ஒரு ஏழைக் குடும்பம் காலைப் பிடித்துக் கெஞ்சியது என்று, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சடலத்தை அவன் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். இரக்கப்பட்டுச் செய்தான். ஆனால் அடுத்த முகூர்த்தத்தில், மாலையும் கழுத்துமாக வண்டியில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணை அவளுடைய தாய்மாமன் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "இது சவம் ஏத்துன வண்டி. நம்பரு எனக்குத் தெரியும்" என்றார்.

எங்கள் ஊரில் டாக்ஸிக்காரனுக்குச் சோறு போடுவது கல்யாணம்தான். அது நின்றுபோனால் வண்டி வெறும் தகரம். நல்லதம்பி அதை ஆத்தூர் புரோக்கரிடம் தள்ளிவிட்டு, நாலு வருஷம் அரியலூர் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினான். வெள்ளைப் புழுதி அப்பிய முகத்தோடு ஸ்டாண்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவான். பார்க்கிற எனக்குத்தான் பொறுக்காது.

2000 ஆரம்பத்தில்தான் டொயோட்டாக்காரன் குவாலிஸைக் கொண்டுவந்தான். பெயர் ஜப்பான், செய்கிற இடம் பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதி. இந்தோனேசியாவில் வேறு பெயரில் ஓடிப் பழசான மாடலை இங்கே பெயர் மாற்றி இறக்கிவிட்டார்கள் என்று பேப்பர் படிக்கிறவர்கள் சொன்னார்கள். நான்தான் முதலில் சிரித்தேன். ரொட்டிப் பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போல இருந்தது அது. மறு வருஷமே நல்லதம்பி, பொண்டாட்டி ராசாத்தியின் நகையை விற்று, பேங்கில் கடன் வாங்கி, அந்த ரொட்டிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

சும்மா சொல்லக்கூடாது, வண்டி என்றால் அது வண்டி. பத்துப் பேர் ஏறலாம். கடைசியில் எதிரெதிரே இரண்டு பெஞ்சு, அதில் பிள்ளைகள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு போகும். ஏசி போட்டால் நடுசீட்டில் உட்கார்ந்த பெரியவர்கள் துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்வார்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் போதும், வேறு எதுவும் கேட்காது. என் அம்பாசடர் வாரம் தவறாமல் மெக்கானிக் வீட்டுக்கு விருந்தாடி போய்வந்தது. "கோலிசு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு சனங்கள் என்னைத் தாண்டி அவனிடம் போவார்கள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

புது வண்டியை முதலில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குத்தான் ஓட்டிப்போனான். கூட நானும் போனேன். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டு, சாமி முன்னால் நின்று சொன்னான்: "தாயே, இந்த வண்டியில கல்யாணப் பொண்ணு ஏறும், புள்ளத்தாச்சி ஏறும், சீக்காளி ஏறுவான். சவம் ஏறாது." சொன்னபடியே மூன்று வருஷத்துக்கு மேல் காப்பாற்றினான். சவம் என்று யாராவது வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவான்.

2004 ஆவணியில் அவன் மகள் ஜெயசித்ராவுக்குக் கல்யாணம் வைத்தான். சம்பந்தி வீடு விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர். "எங்கப்பா கோலிசுலதான் புருசன் வூட்டுக்குப் போவேன்" என்று அந்தப் பெண் பள்ளிக்கூடம் படிக்கும்போதே சொல்லிக்கொண்டிருந்தவள். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஒரு சவாரி போனான்.

விக்கிரமங்கலத்து விவசாயி வீரமுத்து. கல்லீரல் போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். கூட இருந்தது அவர் மனைவி கொளஞ்சியம்மாள் மட்டும். மகள் வளர்மதி ஊரில். அவரை நடுசீட்டில் கிடத்த நல்லதம்பி கதவைத் திறந்தபோது அந்தம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "உசுரோட கொண்டாந்து சேத்துடுங்க தம்பி. மூணு வருசமா அவரு கையாலயே கல்லு சுமந்து கட்டுன வூடு. இந்தத் தையிலதான் பால் காய்ச்சினோம்."

வெளியூர் ஆட்களுக்குப் புரியாது. அந்தப் பக்கத்தில், வெளியில் உயிர் போனவரை வீட்டுக்குள் எடுத்துப்போக விடமாட்டார்கள். தெருவில் பந்தல் போட்டு, அங்கேயிருந்தே தூக்கிவிடுவார்கள். மூன்று வருஷம் கட்டிய வீட்டுக்கு எதிரே, தெருவில் கிடக்க வேண்டும் அந்த மனிதர். "சேத்துடுறேம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டான் நல்லதம்பி.

லால்குடி வழியாகப் போனால் கிட்டம். ஆனால் சிறுவாச்சூர் அம்மன் திருநீறு நெற்றியில் பட வேண்டும் என்று அந்தம்மா கேட்டார். திங்களும் வெள்ளியும்தான் கோயில் திறப்பார்கள், அன்றைக்கு வெள்ளி. ஹைவேயில் நூறுக்குக் குறையாமல் ஓட்டினான். லாரிக்காரனெல்லாம் ஒதுங்கி வழி விட்டானாம். சிறுவாச்சூரில் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, கூட்டத்தில் முண்டியடித்துத் திருநீறு வாங்கிக்கொண்டு ஓடிவந்தான்.

அந்தம்மா வாங்கிப் பூசினார். பூசுகிற சாக்கில் புருஷனுடைய இரண்டு கண்களையும் விரலால் மூடிவிட்டார். கண்ணாடி வழியாக நல்லதம்பி அதைப் பார்த்தான்.

"கெளம்புங்க தம்பி. அசந்து தூங்குறாரு."

அங்கேயே இறக்கி வேறு வண்டி பார்த்துக்கொடுத்திருக்கலாம். சவம் ஏறாது என்று அதே அம்மனுக்குத் தானே கொடுத்த வாக்கு. ஒரு பக்கம் அது, இன்னொரு பக்கம் அந்தம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அப்புறம் "சரிங்கம்மா" என்று சாவியைத் திருப்பினான்.

பெரம்பலூரில் எங்களைத் தாண்டும்போது இரண்டு தட்டு ஹாரன் அடிப்பது அவன் வழக்கம். அன்றைக்கு அடிக்கவில்லை. முப்பதிலேயே போனான், திரும்பியும் பார்க்கவில்லை. கல்யாண வேலை வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உள்ளே அந்தம்மா புருஷனிடம் பேசிக்கொண்டே வந்தாராம். "இந்தா, பெரம்பலூரு வந்துட்டுது." "இந்தா, அரியலூரு வந்துட்டுது, இன்னும் கொஞ்ச தூரந்தான்." அரியலூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இரண்டு பக்கமும் பஸ், ஜன்னல் வழியாக ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நல்லதம்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகக் கேட்டான். "ஏம்மா, ஐயாவுக்குக் குடிக்க எதாச்சும் வாங்கியாரவா?"

"வேணாம் தம்பி. வூட்டுல போயிக் குடிப்பாரு."

விக்கிரமங்கலத்தில் வீட்டு வாசலில் பங்காளிகள் கூடி நின்றார்கள். முன்னால் நின்றவர் வீரமுத்துவின் அண்ணன் அமாவாசை. தம்பி பெண்டாட்டியிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே டிரைவர் பக்கம் வந்தார்.

"உசுரு இருக்கா?"

"இருக்குங்க. சீக்கிரம் தூக்குங்க."

அமாவாசை கால் பக்கம் பிடித்தார். பிடித்தவர் நின்றார். "காலு சில்லுனு இருக்கே" என்றார்.

"திருச்சியிலேருந்து ஏசி போட்டுக்கிட்டு வரோங்க."

அந்த மனிதர் நல்லதம்பியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தம்பியின் காலைச் சேர்த்து அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறினார். நடுவீட்டில் கிடத்திய பிறகுதான் அழுகைச் சத்தம் எழுந்தது.

மூன்றாம் நாள் நல்லதம்பி என்னை டீக்கடைப் பக்கம் தனியே கூட்டிப்போனான். "தர்மராஜ், பாப்பாவ உன் வண்டியில அனுப்பலாமா?" என்றான்.

"என் வண்டியிலயா? பாதி வழியில எறங்கித் தள்ளவா?"

சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். "தெரிஞ்சே எம்பொண்ண அந்த சீட்டுல எப்படி உக்கார வெப்பேன்?" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "கோலிச வாசல்ல நிறுத்திட்டுப் பாப்பாவ வேற வண்டியில ஏத்துனா, ஏன்னு ராசாத்தி கேக்கும், ஊரு கேக்கும். சம்பந்தி வூடு அந்தப் பக்கம். ரெண்டு நாள்ல வீரமுத்து பங்காளிங்க காதுக்குப் போவும். செத்தவனைக் குடிவூட்டுக்குள்ள ஏத்துனவளாம்னு, நாளைக்கு அங்க ஒரு ஆடு செத்தாக்கூடக் கொளஞ்சியம்மா தலையில வெப்பாங்க. நீ செஞ்சதெல்லாம் வீணா?" என்று கேட்டேன். அவன் டீக் காசை வைத்துவிட்டு எழுந்து போனான்.

கல்யாணத்தன்று வண்டிக்கு மஞ்சள் தண்ணி தெளித்து, பூச்சரம் கட்டியிருந்தான். கதவை அவனே திறந்துவிட்டான். ஜெயசித்ரா சிரித்துக்கொண்டே ஏறி அதே நடுசீட்டில் உட்கார்ந்தாள். பெண்ணை அனுப்புகிற துக்கத்தில் அப்பன் அழுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த வருஷம் குவாலிஸ் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். நன்றாக விற்கிற வண்டியை எந்தப் பைத்தியக்காரனாவது நிறுத்துவானா என்று ஸ்டாண்டே புலம்பியது. பதிலுக்கு இன்னோவா வந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் இன்னோவா கேட்க ஆரம்பித்தார்கள். இருந்தும் நல்லதம்பியின் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடாமல் நின்றது அவன் மனசுதான். ஜெயசித்ராவுக்கு மூன்று வருஷமாகக் குழந்தை இல்லை. "அந்த சீட்டுலதான உக்காந்துச்சு, தர்மராஜ்" என்பான். "டாக்டருகிட்ட கூட்டிக்கிட்டுப் போடா, சீட்டு என்னடா பண்ணும்" என்று நான் சத்தம் போடுவேன். என் வாய்தான் அப்படிப் பேசியது. 2006இல் என் மகன் கல்யாணத்துக்கு நான் அவன் வண்டியைக் கூப்பிடவில்லை, இன்னோவா பிடித்தேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் நான் செத்திருப்பேன்.

2007இல் குவாலிஸின் பின்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று தாள் ஒட்டினான். அரியலூர் மறுபடி தனி மாவட்டமாகப் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு நாள் மத்தியானம் அரியலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு அம்மா நேரே எங்களிடம் வந்தார். கையில் மஞ்சள் பை. நல்லதம்பி துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றான். அவன் நின்ற தோரணையிலேயே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கொளஞ்சியம்மாள் பையிலிருந்து பத்திரிகை எடுத்துக் கொடுத்தார். "எம்பொண்ணு வளர்மதிக்குக் கல்யாணம் தம்பி. வண்டிக்குச் சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

"நல்ல இன்னோவாவா பாத்து அனுப்புறேம்மா."

"இந்த வண்டிதான் வேணும்."

நல்லதம்பி தலையைக் குனிந்துகொண்டான். "இது வேணாம்மா" என்றான், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். "கல்யாணத்துக்கு... இது வேணாம்."

அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் இருப்பது பரவாயில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அவனைப் பார்த்துப் பேசினார்.

"சிறுவாச்சூரு வரைக்கும் பேய் மாதிரி ஓட்டுனீங்க தம்பி. அங்கேருந்து ஒரு பள்ளத்துல வுடாம, ஒரு குலுக்கல் இல்லாம, புள்ளைக்குத் தொட்டி ஆட்டுற மாதிரி ஓட்டுனீங்க. அவரு தல எம்மடியிலேருந்து நகரவே இல்ல. தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஓட்டுறீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்."

நல்லதம்பி குனிந்து, கீழே போட்ட துணியை எடுத்தான்.

"எம்பொண்ணு அவங்க அப்பன் கடைசியா படுத்திருந்த எடத்துலதான் உக்காந்து போவணும். அதவிட நல்ல எடம் அவளுக்கு எங்க இருக்கு?"

நான் பின்பக்கம் போய், குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி அந்த 'விற்பனைக்கு' தாளை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன். முன்பக்கத்தில் நல்லதம்பி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, சவாரி கேட்டு வருகிற எல்லோரிடமும் கேட்பது போலவே கேட்டான்.

"முகூர்த்தம் எத்தன மணிக்கும்மா?"