வாவிப் பக்கம் கட்டிய வேப்பிலை

அம்மா வேலைக்குப் போகத் தொடங்கிய மூன்றாவது கிழமையில் எனக்குக் கொப்புளிப்பான் வந்தது. பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பேருடைய பாய்களில் காய்ச்சலோடு கிடந்திருக்கிறேன். அந்தக் காய்ச்சல்களால் யாருக்கும் ஒரு நட்டமும் வந்ததில்லை. இது அப்படி இல்லை.

அப்பா வாவியில் வலை வீசுகிறவர். அந்த வருசம் மீன் குறைவு. அம்மா கார்மென்ட்டில் சேர்ந்தார். காலை ஆறு மணிக்குச் சந்தியில் வேன் வரும். மூன்று மாதம் வேலை பார்த்துக் காட்டினால்தான் நிரந்தரமாக்குவார்கள். அதற்குள் லீவு என்று வாய் திறக்கக் கூடாது.

அம்மா போன பிறகு வாவியிலிருந்து வந்து சேரும் அப்பா, வீட்டு வேலையைப் புதிதாகப் படித்துக்கொண்டிருந்தார். என் சட்டைக்குப் பொத்தானை ஒன்று மாற்றிப் பூட்டிப் பள்ளிக்கு அனுப்புவார். அவர் போடும் தேத்தண்ணியில் சீனி கரையாமல் அடியில் கிடக்கும். அதை விரலால் வழித்துத் தின்பது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீடு ஒருமாதிரி ஓடத் தொடங்கியிருந்தது.

ஒரு பின்னேரம் கிணற்றடியில் என் முதுகைத் தேய்த்த அம்மாவின் கை நின்றுபோனது. சின்னச் சின்னக் கொப்புளங்கள். அவருக்கும் சிறுவயதில் வந்ததுதான். புருவத்தின் ஓரத்தில் தழும்பு இருக்கிறது. பார்த்தவுடன் தெரிந்துகொண்டார்.

எங்கள் பக்கத்தில் இதை வருத்தம் என்று சொல்வதில்லை, அம்மாள் வீட்டுக்கு வந்திருக்கிறா என்பார்கள். வேலியில் ஆள் நுழையும் கடப்படி வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும். அதைக் கண்டால் வெளியாட்கள் உள்ளே வரமாட்டார்கள்; வீட்டுக்காரரும் வெளியே போகக் கூடாது. மீன் ஆகாது, தாளிதம் ஆகாது. கொப்புளம் காய்ந்து பிள்ளையின் தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை இதுதான் சட்டம். மீன் ஆகாதென்றால் அப்பாவின் தொழிலும் ஆகாது. மிச்சமிருந்தது அம்மாவின் வேலை மட்டும்.

"கடப்படியில கட்டினா நாளைக்கு உன்னை வேன்ல ஏத்தமாட்டாங்க புள்ள," என்றார் அப்பா.

"கட்டாம விட்டா? அவ கோவிச்சா என்ன செய்யிற?"

அப்பா தலையைச் சொறிந்தார். "பின்பக்கம் கட்டுவம். அம்மாளுக்கு முன்பக்கம் பின்பக்கமெல்லாம் இருக்கா?"

அப்பாவின் எந்த நியாயத்தையும் லேசில் ஏற்காத அம்மா அன்றைக்கு இதை ஏற்றுக்கொண்டார். களவாகக் கட்டினாலும் குறைவாகக் கட்டக் கூடாதென்று அப்பா ஒரு பெரிய கொப்பையே முறித்துவந்து பின்கதவில் கட்டினார்.

பின்கதவுக்கு நேரே வாவி. றோட்டால் போகிற ஆட்களை மறைக்க நினைத்தவர், ஊரின் பாதி ஆம்பிளைகள் விடிந்தால் தோணியில் அந்த வழியாகத்தான் கரைக்குத் திரும்புவார்கள் என்பதை மறந்துபோனார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் எந்நாளும் அவரும் தோணியில்தான் இருப்பார். கரையில் நின்று அதைப் பார்த்ததே இல்லை.

அடுத்த நாள் வேன் போய் ஒரு மணித்தியாலம் இருக்கும். தண்ணீரிலிருந்து பக்கத்து வளவு மாமாவின் குரல் கேட்டது.

"மச்சான், பொடியனுக்கா வந்திருக்கு?"

அவருக்குப் பின்னால் வந்த தோணியிலிருந்து இன்னொருவர் சத்தம் போட்டார்: "கட்டியிருக்கிற கொப்பைப் பாரன்! அம்மாள் கல்லடிப் பாலத்தில நிண்டாலும் தெரியும்!"

அப்பா அகப்பையோடு வாசலில் நின்றார். பக்கத்து வளவு மாமி அம்மாவோடு ஒரே வேனில் போகிறவர். மாமாவின் சட்டைப் பையில் போன் இருந்தது. அப்பா அம்மாவுக்குப் போன் எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். உள்ளே போகும்போதே போனை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். சோறு குழைந்துபோனது.

எனக்கு அன்று நல்ல நாள். பள்ளி இல்லை. தயிர் இருந்தது. அரித்த இடத்திலெல்லாம் அப்பா வேப்பிலையால் தடவிவிட்டார்.

"வேலை போனா அம்மா வீட்டிலதானே இருப்பா?" என்று கேட்டேன்.

"ஓம் மனே," என்றவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பின்னேரம் சந்தியில் நிற்கிற வேன் எங்கள் கடப்படிக்கே வந்து நின்றது. அப்பா வளவுக்குள் ஓடிப்போய் வேலியோடு நின்றுகொண்டார். அம்மா இறங்கி வந்து, கால் கழுவி, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

தேத்தண்ணி நேரத்தில் போனை எடுத்துப் பார்த்த மாமியிடமிருந்து செய்தி போய், சூப்பர்வைசர் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். ஏறாவூர் முஸ்லிம் பெண்; அக்காவுக்கு அவர்கள் சொல்லும் ராத்தா என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். நேரடியாகவே கேட்டாராம். பொய் சொல்வதென்று முடிவெடுத்து வாயைத் திறந்த அம்மா, பின்கதவு வரைக்கும் உண்மையைச் சொல்லிவிட்டார். பின்கதவைக் கேட்டு ராத்தா விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உன்ட லைன்ல ரெண்டு பேர் முழுகாம இருக்காங்க. அவங்களுக்கு ஒண்டு நடந்தா நான் ஆருக்குப் பதில் சொல்ற?" என்று கேட்டாராம்.

"அது எனக்குத் தோணவே இல்ல," என்றார் அம்மா. அப்பாவுக்கும் தோன்றியிருக்கவில்லை. அவர் எழுந்து போய்க் கொப்பை அவிழ்த்துக் கடப்படியில் கட்டினார்.

வேலை போகவில்லை. எனக்குத் தண்ணீர் வார்க்கும்வரை அம்மா கட்டடத்தின் கடைசியில் இருக்கும் ஸ்டோர் அறையில் தனியே இருந்து உடுப்புகளில் நூல் வெட்ட வேண்டும். வேனிலும் பின்சீட்டில் தனியே. மூன்று மாத நாள் கணக்கில் ஒன்றும் குறையாது. வேன் கடப்படிவரை வந்ததும் ராத்தாவின் ஏற்பாடுதான், நாலு பேர் கூடும் சந்தியில் அம்மா இறங்கக் கூடாதென்று.

எனக்கு அழுகை வந்தது. வீட்டுப்பாடம் செய்யாத நாட்களில் என்னையும் இப்படித்தான் தனியே இருத்துவார்கள். வகுப்பு முழுக்கச் சேர்ந்து சிரிக்கும்போது என்னவென்றே தெரியாமல் இருப்பது எப்படியென்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு பின்னேரமும் கேட்பேன், இன்னும் தனியத்தானா என்று. ஓம் என்பார். அறையைப் பற்றிக் கேட்டால் சொல்வார்: ஒரு ஜன்னல், வெளியே நாவல் மரம், மேலே காற்றாடி. ஒரு கதிரை. ஒருவரும் கூப்பிட வருவதில்லை. இதைச் சொல்லிவிட்டு உடுப்பு மடித்தபடி ஏதோ முணுமுணுத்துப் பாடுவார். எங்களுக்குக் கவலை தெரியக் கூடாதென்று பாடுகிறார் என நினைத்துக்கொள்வேன்.

பிறகு அந்த வேலை நிரந்தரமாகி, அம்மா அங்கே நீண்ட காலம் இருந்தார். நான்தான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஓரிடத்தில் தரிக்காதவனானேன். பன்னிரண்டு பேர் படுக்கும் அறைகளில் இருந்திருக்கிறேன். ஒரு மணித்தியாலம் தனியே இருப்பதற்காகத் தேவையில்லாமல் பஸ் ஏறிய நாட்களும் உண்டு.

ஒன்பதாம் நாள் கொப்புளங்களெல்லாம் காய்ந்துவிட்டன. வலையைத் தொடாத அப்பாவுக்குக் கை துருதுருத்தது. "நாளைக்குத் தண்ணி வாப்பம்," என்றார்.

அம்மா என்னைத் திருப்பி, முதுகை நெடுநேரம் பார்த்தார். ஈரமாக ஒரு கொப்புளமும் இல்லை.

"இன்னும் ரெண்டு நாள் போகட்டுமே."

"எல்லாம் காஞ்சிற்றே புள்ள."

"ரெண்டு நாள்தானே."

என் உடம்பைப் பற்றி அவருக்கு இவ்வளவு பயமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவரை விடுவிப்பது என் பொறுப்பு என்றும் பட்டது. "எனக்கு ஒண்டுமில்லம்மா. நாளைக்கே தண்ணி வார்த்துவிடுங்க. பிறகு நீங்க எல்லாரோடயும் போய் இருக்கலாம்," என்றேன்.

அம்மா என் சட்டையைக் கீழே இழுத்துவிட்டார். "சரி மனே," என்றார். நான் எதிர்பார்த்த சந்தோசம் அந்த முகத்தில் இல்லை. வேலை செய்து களைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.