தப்பு என்று சொன்ன டீச்சர்

ஏலிக்குட்டி டீச்சர் இறந்துவிட்ட செய்தியை என் பள்ளித்தோழி சுபைதாதான் மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோனில் சொன்னாள். "நம்ம டீச்சர் போயாச்சுடி" என்றவள், அதே மூச்சில், "இந்நேரம் சொர்க்கத்துல உள்ள அலமாரியெல்லாம் திறந்து போட்டிருப்பாங்க" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். அவருடைய பள்ளி நூலகத்தில் உட்கார்ந்த யாரும் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. அப்பாவுக்கு மட்டாஞ்சேரிப் பண்டகசாலையில் சுக்கு தரம் பிரிக்கும் வேலை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். நூலகத்துக்குப் போன முதல் நாள், டீச்சரிடம் என் அரைகுறை மலையாளத்தில் ஒரு சந்தேகம் கேட்டேன். படகுத்துறைக் கம்பத்தில் உட்காரும் கறுப்புப் பறவை ஏன் சிறகை விரித்தபடியே இருக்கிறது? டீச்சர் அலமாரியைக் காட்டி, "தப்பு மோளே, தப்பு" என்றார். கேள்வி கேட்டதே தப்பாகிவிட்டது என்று நினைத்து, வீட்டுக்குப் போய் அழுது, இனிப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அடம்பிடித்தேன்.

மறுநாள் அப்பா சுக்குத் தூசி படிந்த வேட்டியோடு வந்து நின்றார். "பொண்ணு என்ன தப்பு பண்ணுச்சு டீச்சர்?"

"அவள் தப்பியிட்டேயில்லல்லோ சேட்டா" என்றார் டீச்சர்.

அப்பா இன்னும் குழம்பினார். டீச்சர் அலமாரிக்குள் கையை விட்டு, இருட்டில் தீப்பெட்டி தேடுகிறவர் போலத் துழாவிக் காட்டினார். மலையாளத்தில் தப்புவது என்றால் துழாவித் தேடுவது; நான் இன்னும் தேடவே இல்லையே என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நல்லாத் தப்பட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

டீச்சர் யார் கையிலும் புத்தகத்தை எடுத்துத் தந்ததில்லை. எதில் இருக்கும் என்று கேட்டால், "எனிக்கறியில்லா, நீ தப்பிப் பறஞ்ஞு தா" என்பார்; தனக்குத் தெரியாது, நீயே தேடிச் சொல் என்று அர்த்தம். மீன்பிடிப்பு, ஆறுகள், சமையல் என்று எதையெல்லாமோ எழுத்துக்கூட்டிப் படித்துக் கடைசியில் பிடித்தேன். அது நீர்க்காகம். அதன் சிறகில் தண்ணீர் ஊறும். அதனால்தான் ஆழமாக மூழ்க முடிகிறது, வெளியே வந்ததும் காயவைக்க வேண்டியிருக்கிறது. ஓடிப்போய்ச் சொன்னேன். "புஸ்தகம் பறஞ்ஞால் போரா, போய் நோக்கு" என்றார்; புத்தகம் சொன்னால் போதாதாம், நேரில் பார்க்க வேண்டுமாம். நானும் சுபைதாவும் படகுத்துறையில் நின்று, அது மூழ்கி எழுந்து சிறகு விரிப்பதைக் கண்ணால் பார்த்தோம்.

பிள்ளைகள் புத்தகங்களைக் கலைத்துப் போடுகிறார்கள் என்று தலைமையாசிரியருக்கு ஆத்திரம். பெரிய பூட்டு ஒன்று வாங்கிவந்து, ஆய்வாளர் வரும் நாளில் அவர் முன்னாலேயே அலமாரிகளைப் பூட்டப்போவதாகச் சொன்னார். "பூட்டியால் பின்னெ ஞான் எந்தினா சாரே?" என்று கேட்டார் டீச்சர். பூட்டிவிட்டால் பிறகு தான் எதற்கு என்பது அவர் கேள்வி.

ஆய்வாளர் வந்தார். புகாரைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் திரும்பி, "நினக்கு இதில் நின்னு எந்து கிட்டி?" என்று, இந்த அலமாரிகளிலிருந்து எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார். தமிழும் மலையாளமும் கலந்து நீர்க்காகத்தின் கதை முழுவதையும் கொட்டினேன்.

"ஆரு படிப்பிச்சது?"

"ஆரும் படிப்பிச்சில்லா சாரே. அவள் தப்பி எடுத்ததா" என்றார் டீச்சர்.

ஆய்வாளர் அந்தப் புத்தகத்தைக் கேட்டார். அலமாரியின் பின்வரிசையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பிறகு, தனக்கு வேண்டிய எதையோ அவரே அலமாரியில் துழாவ ஆரம்பித்தார். தலைமையாசிரியர் பூட்டை மெல்ல மேசைமேல் வைத்தார். டீச்சர் ஓய்வு பெறும்வரை, கடற்காற்றில் செய்தித்தாள்கள் பறக்காமலிருக்க அந்தப் பூட்டுதான் பாரமாகக் கிடந்தது. எங்களுக்கெல்லாம் அது வெற்றிக்கோப்பை.

நான் இப்போது கோயம்புத்தூரில் தமிழாசிரியை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு சொல்தான். வகுப்பில் யாராவது பிசகாக விடை சொன்னால், "தப்பு" என்கிறேன். அதன் மலையாள அர்த்தத்தை முதல் நாளே சொல்லிவிடுவதால், என் பிள்ளைகள் யாரும் தலைகுனிவதில்லை. எழுந்து அலமாரிப் பக்கம் போகிறார்கள்.