உம்மா கொடுத்த நிரந்தர முகவரிகள்

நாங்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தோம். உம்மாவின் கை ஈரம். ஆகவே மேசையில் இருந்த மடிக்கணினியைத் தொடுவது என் வேலையாயிற்று.

"அமத்து புள்ள," என்றார்.

திரையில் இருந்த இணைப்பை அமத்தினேன். வாவி நண்டுகளைப் பற்றிய ஓர் ஆய்வேடு திறந்தது.

"வந்திச்சா?"

"வந்திச்சு."

"அடுத்தது."

ஏடுகளுக்குக் கிடைத்த ஒவ்வொரு புதிய இலக்கமும் அதற்குரிய பக்கத்தில் போய் நிற்கிறதா என்று கடைசிவரை பார்த்தோம். எல்லாம் சரி. உம்மா தலையாட்டினார், மகிழ்ச்சி தெரியவில்லை. உரித்த இறாலைத் திரும்பவும் கழுவினார். மறுநாள் காலை மாரடைப்பில் மௌத்தானார்.

உம்மாவின் பெயர் றம்லா. ஊர் ஓட்டமாவடி. வாவிக் கரையில் உள்ள ஓர் ஆய்வு நிறுவகத்தின் நூலகத்தில் உதவியாளர். தற்காலிகமாகச் சேர்ந்தவர். வருடா வருடம் கடிதம் புதுப்பித்து, நான் உயர்தரம் படிக்கும்போதுதான் நிரந்தரமாக்கப்பட்டார். அன்று தெரு முழுக்க வட்டிலப்பம் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் 'நிரந்தரம்' என்றால் ஒரே அர்த்தம்தான்: இனி யாராலும் பறிக்க முடியாது.

நிறுவகம் தன் ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றத் தொடங்கியபோது அந்த வேலை உம்மாவிடம் வந்தது. ஏட்டைப் படம்பிடித்து ஏற்றியதும் மென்பொருள் ஒரு முகவரியைக் காட்டும். அதன் மேலே 'நிரந்தர இணைப்பு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். உம்மா அந்தச் சொல்லை நம்பினார். வருகிற ஆய்வாளர்களிடமெல்லாம் முகவரியைக் கொடுத்து, "இது நிரந்தரம். எங்க வேணுமெண்டாலும் பயமில்லாமப் போடுங்க," என்றார்.

அந்த முகவரியின் நடுவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பதுவரை வரிசையாக இலக்கங்கள் இருந்தன. பதிவு செய்யாத எல்லோருக்கும் மென்பொருள் கொடுக்கும் மாதிரி இலக்கம் அது. நிறுவகம் தனக்கென்று ஓர் இலக்கம் கேட்டு விண்ணப்பித்திருக்க வேண்டும். யாரும் செய்யவில்லை. வீட்டுச் சுவரில் நாமே ஓர் இலக்கத்தைப் பெயின்டால் எழுதி, பிரதேச சபையில் பதியாமல் விட்டது மாதிரி. பதிந்திருந்தால், வீடு மாறினாலும் இலக்கம் புதிய வாசலுக்கு வழி காட்டும். பதியாததால், நிறுவகம் சேவையகத்தை மாற்றிய அன்று உம்மா கொடுத்த எல்லா முகவரிகளும் செத்தன. தேடுபொறியிலும் ஏடுகள் காணாமல் போயின.

உம்மாவுக்கு இது தெரிந்தது கேதீஸ்வரி மூலம். உன்னிச்சை என்ற ஊர்க்காரி. குளத்து நீர் கடைசி வயல்வரை போய்ச் சேருகிறதா என்று ஆய்வு செய்தவர். விரிவுரையாளர் பதவிக்கான நேர்முகத்தில் அவருடைய ஆய்வேட்டின் முகவரியைத் திரையில் திறந்திருக்கிறார்கள். பக்கம் இல்லை என்று வந்தது. அப்படி ஓர் ஆய்வு உண்மையில் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டாராம். வேலை கிடைக்கவில்லை.

கேதீஸ்வரி நூலகத்துக்கு வந்தார். கத்தவில்லை.

"நீங்க நிரந்தரமெண்டு சொன்னீங்க அக்கா."

"அப்பிடித்தான் தங்கச்சி அதில எழுதியிருந்திச்சு."

"எங்கட வயல் வட்டைக்க யானை வாறது ஒண்டுதான் நிரந்தரம். அது பிந்தினதும் இல்ல, வராம விட்டதும் இல்ல." சிரித்துக்கொண்டே சொன்னாராம். "அந்த வேலைக்குத் திரும்பவும் அறிவித்தல் வரும். திரும்பவும் விண்ணப்பம் போடுவன்."

அன்று பின்னேரம் உம்மா கொழும்பிலிருந்த எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் கணினி வலையமைப்பு வேலை செய்கிறவள். விளக்கினேன்.

"இந்த ஒண்டு ரெண்டு மூண்ட பார்த்தா மத்த ஆக்களுக்கு விளங்குமா புள்ள?"

"இந்த வேலை செய்யிறவங்களுக்கு விளங்கும்."

"அப்ப நான் குடுத்த இடமெல்லாம் சிரிச்சிருப்பாங்க."

பிறகு உம்மா சிற்றுண்டிச்சாலைக்குப் போவதை விட்டார். சாப்பாட்டுப் பெட்டியைப் புத்தக அடுக்குகளுக்குப் பின்னால் வைத்துச் சாப்பிட்டார். யாராவது 'நிரந்தரம்' என்று சொன்னால் முகம் மாறும்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. பணிப்பாளர் வினாயகமூர்த்தியிடம் போய், முறைப்படி பதிந்த இலக்கம் வேண்டும் என்று கேட்டார்.

"என்னத்துக்கு றம்லா? கூகுள்ல தேடினா வருந்தானே?"

"உங்கட கட்டுரையத் தேடிப் பாருங்க சேர்."

அவர் தேடினார். தலைப்பை மாற்றித் தேடினார். தன் பெயரை முதலெழுத்தோடும் இல்லாமலும் தேடினார். அதே பெயரில் ஒரு நகைக்கடைதான் வந்தது. விண்ணப்பத்தில் அன்றே கையெழுத்து வைத்தார்.

புதிய இலக்கங்கள் கிடைத்தன. ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒன்று. இனிச் சேவையகம் எங்கே போனாலும், போன இடத்தைப் பதிவில் திருத்திவிட்டால் போதும். இலக்கம் மாறாது. ஏடுகள் தேடலில் மெல்ல வரத் தொடங்கின. எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் முடிந்தது என்றேன்.

"கலியாணத்துக்குச் சொல்றதுக்கே ஆள் போகணும். பிழைய மிசின்ல சொல்றதா?"

விடுமுறை நாட்களில் உம்மா வீடு வீடாகப் போனார். நல்ல அபாயா, தோளில் பை. ஏறாவூரில் ஒரு வீட்டுக்காரி கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க, வாங்க. மகள்ர கலியாணமா?"

"இல்ல. நான் உங்கட மகனுக்குத் தந்த இலக்கம் பிழ. அதச் சொல்ல வந்தன்."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தார். உம்மா குனிந்தபடி குடித்துவிட்டு வந்தார். அமிர்தகழியிலும் காத்தான்குடியிலும் இதுவே நடந்தது. மூன்றாவது வீட்டில், கலியாணமா என்று கேட்க முன்னரே இல்லை என்று சொல்லப் பழகியிருந்தார். எனக்கு அதைக் கேட்கும்போது சிரிப்பு வரவில்லை. கூசியது.

எல்லா வீடும் முடிந்தது. உன்னிச்சை மட்டும் மிஞ்சியது. ஏனையோர் வீட்டில் உம்மா ஓர் இலக்கத்தைத் திருத்தப் போனார். கேதீஸ்வரி வீட்டில், அவர் இழந்த வேலைக்குப் பதில் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு நகரம்வரை பஸ்ஸில் போவார். இறங்குவார். சந்தையில் எதையாவது வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். கடைசியாக, நான் விடுமுறையில் வந்திருந்தபோது வாங்கி வந்தது அந்த இறால்.

"போகல்லியா உம்மா?"

"உன்னிச்ச பஸ் இல்ல."

பஸ் இருந்தது. இருவருக்கும் தெரியும்.

நிறுவகத்தில் இருந்து எல்லோரும் ஜனாஸாவுக்கு வந்தார்கள். கேதீஸ்வரிக்கு யாரும் சொல்லவில்லை. விரிவுரையாளர் பதவிக்கு மறுபடி அறிவித்தல் வந்திருக்கிறது. இந்த மாதக் கடைசியில் விண்ணப்பம் முடிகிறது. அவர் கையில் இருப்பது உம்மா கொடுத்த பழைய முகவரி. புதிய இலக்கம் வந்தது அவருக்குத் தெரியாது; செத்த அதைத்தான் எழுதுவார், இல்லையென்றால் ஒன்றும் எழுத மாட்டார்.

அவருடைய தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. ஒரு குறுஞ்செய்தி போதும். உம்மா அதை ஏற்க மாட்டார். ஆள் போக வேண்டும். வாசலில் நின்று, பிழை எங்களுடையது என்று சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் புதிய இலக்கத்தைக் கொடுக்க வேண்டும். நேற்று நகரம்வரை போனேன். உன்னிச்சை பஸ் நின்றது. நான் ஏறவில்லை.