பதிவேட்டில் அண்ணனின் பக்கம்

1. அண்ணன் திருச்சிக்கு அருகே, அம்மாவின் தாய்வீட்டில் பிறந்தார்.
2. மூன்றாம் மாதம் அம்மாவின் மடியில் கப்பலேறி, இலங்கையில் கந்தப்பளைக்கு அருகிலுள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்.
3. தோட்டத்து ஆலயத்தின் போதகரான அப்பா அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, பிறந்த இடத்தைப் பதிவேட்டில் தம் கையால் எழுதினார்.
4. அதன்பின் அண்ணன் ஒருமுறைகூடக் கடல் கடக்கவில்லை.
5. குடியுரிமைச் சட்டம் வந்தது. அண்ணன் விண்ணப்பித்தார்.
6. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.
7. சென்ற ஆண்டு நுவரெலியா ஆஸ்பத்திரியில் நெஞ்சு வலியால் காலமானார்.

ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் நடந்ததை உறவினர்கள் பலர் பலவிதமாகப் பேசுகிறார்கள். அப்போது நான் பள்ளி மாணவி. அது நடந்த எங்கள் வீட்டு மேசையருகே இருந்தவள். ஆகவே அதை எழுதிவைப்பது என் கடமை.

அண்ணன் போதகர் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தார். கிளித்தட்டு விளையாட்டில் அவர் சற்று ஏமாற்றினாலும், "பாதிரியாரு மகன் பொய் சொன்னா கோயில் மணி தானா அடிக்கும்டா" என்று தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் கத்துவார்களாம். ஹட்டனில் படித்துவிட்டு வந்து தொழிற்சங்கக் கிளைச் செயலாளரானார். கொத்மலை வரை அவரை அறியாத தோட்டம் குறைவு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் கடைசி வாங்கில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் குடியுரிமை விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார். இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே வரிசையில் நிற்பார்கள்.

சட்டத்தை அவர் எளிதாகச் சொல்வார். தகப்பன் இங்கே பிறந்து, பிள்ளையும் இங்கே பிறந்திருந்தால் உரிமை உண்டு. பிள்ளை வெளிநாட்டில் பிறந்திருந்தால் தாத்தாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். எங்கள் தாத்தா கடல் கடந்து வந்தவர். அப்பா இங்கே பிறந்தவர்.

இத்தனை தெரிந்த அண்ணன், தம் விண்ணப்பத்தில் பிறந்த இடம் கந்தப்பளை என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. அம்மா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்வந்ததை எங்கள் வீட்டில் யாரும் வெளிநாடு போனதாக நினைத்ததில்லை; அவரிடம் தனியாகச் சொன்னதுமில்லை. தாம் இங்கே பிறந்தவர் என்ற நினைப்பில், நெடுங்காலம் குடியிருந்தவர் என்ற வேறு வழியில் பதிவு கோரும் காலத்தையும் அவர் கடந்துபோக விட்டிருந்தார்.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்புதான் தவறு தெரிந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பதினொரு பேருக்கு எங்கள் ஞானஸ்நானப் பதிவேடுதான் ஆதாரம். அதை மூலப்பிரதியாகவே மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெயர்களைத் தேடிப் பக்கங்களைப் புரட்டியபோது அண்ணன் தம் பெயரையும் அதற்கெதிரே திருச்சியையும் கண்டார்.

அப்பா எழுந்து உள்ளே போனார். பிறகு தம் சவர பிளேடை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பக்கத்த எடுத்துடலாம் தம்பி. கர்த்தர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அண்ணன் சிரித்துவிட்டார். "கர்த்தர்கிட்ட பேசிருவீங்க. கச்சேரி ஐயாகிட்ட என்னா பேசுவீங்க? ஒரு பக்கம் போனா மத்த பக்கத்த எவன் நம்புவான்? அந்தப் பதினொரு பேரும் தெருவுலதான் நிக்கணும்."

"அப்ப நீ?"

"நான் அப்புறம் பாத்துக்கிறேங்க அப்பா."

அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். "தலைப்புள்ளைக்கு ஆத்தா வீட்டுக்குப் போனது ஒரு குத்தமாய்யா? நான் போகலைன்னா என் ஆத்தா விட்டிருக்குமா?"

"உன்ன யாரும்மா குத்தம் சொன்னா? கப்பல்ல நான் அழுதேனா, அதச் சொல்லு."

அம்மா சிரிக்கவில்லை.

அண்ணனே பதிவேட்டைச் சுமந்துகொண்டு போனார். தம் பக்கத்தைத் தாமே திறந்து, விண்ணப்பத்தில் தாம் எழுதியது தவறு என்றார். பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு உரிமை கிடைத்தது. அண்ணனுக்கு இல்லை.

அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அப்போது அண்ணி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். "ஊருக்கெல்லாம் எழுதினீங்க, உங்க புள்ளைக்கு என்ன எழுதப் போறீங்க?" என்று அவர் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பின்பும் ஞாயிறுதோறும் அவர் அந்த வாங்கில் உட்கார்ந்தார். அப்பா மட்டும் பதிவேட்டில் 'பிறந்த இடம்' என்ற கட்டம் வரும்போதெல்லாம் பேனாவைச் சற்று நிறுத்திவிட்டே எழுதினார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று பிறந்த ஊரைக் கேட்டார்கள். நான் தயங்கினேன். "உள்ளத எழுது தங்கச்சி" என்றார் அண்ணன். மூன்றாம் நாள் காலமானார்.

அவரைத் தோட்டத்துக்குக் கொண்டுவர லொறி தந்த கந்தப்பளைக் கடைக்காரரான முஸ்லிம் நானாவுக்கும், இரவு பகல் பார்த்த தாதியருக்கும், கொட்டும் மழையில் குழி வெட்டிய தோட்டத்தாருக்கும், நிற்க முடியாமற்போன அப்பாவுக்குப் பதிலாக அடக்க ஆராதனையை நடத்திய போதகருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அந்த ஒன்பது பேரும் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். உரிமை கிடைக்காத இருவரும் தூக்கினார்கள்.

நான் இப்போது இந்தத் தோட்டத்தின் மருத்துவிச்சி. இங்கே பிறந்தவள், எனக்குக் குடியுரிமை உண்டு. அண்ணிக்கும் பிள்ளைகள் இருவருக்கும் இல்லை. இந்திய, இலங்கை அரசுகள் இரண்டும் ஒப்பந்தம் செய்துள்ளன. யார் இங்கே இருப்பது, யார் இந்தியாவுக்குப் போவது என்று எங்களுக்கு இன்னும் தெரிவிக்கவில்லை. பிள்ளைகள் இருவரும் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இளையவனைக் கையில் ஏந்தியவள் நான். பதிவேடு ஆலயத்தில் இருக்கிறது. அதில் எல்லாப் பக்கங்களும் இருக்கின்றன.