தேறவில்லை என்று நான் எழுதிய தாள்

தேறிய மனிதர் ஒருவரைத் தேறவில்லை என்று எழுதினேன். கை தவறி அல்ல, தெரிந்தே எழுதினேன். எண்பதை நெருங்கும் இந்த வயதில் அதை மழுப்பிச் சொல்ல மனமில்லை.

முதல் உலக யுத்தம் முடிந்த சமயம். தாமிரபரணிக் கரையில் ஒரு நூற்பாலையில் நான் ரைட்டராக இருந்தேன். அப்பா கிறிஸ்தவ சபையில் உபதேசியார்; பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ்தான் அந்த வேலையை வாங்கித் தந்தது. அதுவரை நூற்பு மெஷினை யாருக்குக் கொடுப்பது என்பது மேஸ்திரியின் தயவைப் பொறுத்தது. ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு துரையும் தொழிலாளர் சங்கமும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மெஷினில் நிற்பவனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இரு தரப்பும் சேர்ந்து வரையறுத்தன. அவை தெரிந்தவன் எவனானாலும் மெஷின் அவனுக்கு. ஆலை சார்பில் மேஸ்திரியும் சங்கம் சார்பில் ஒருவரும் சோதிப்பார்கள். முடிவை நான் இங்கிலீஷில் எழுத, இருவரும் ஒப்பமிட வேண்டும். துரை பார்த்த பிறகே அது அறிவிப்புப் பலகைக்கு வரும். தேறாதவன் ஒரு வருஷம், பஞ்சு அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் கட்டு தூக்க வேண்டும்.

சங்கம் அனுப்பியவர் சேரன்மகாதேவிக்காரர். வயதில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணாச்சி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நூலை இரு விரலுக்கிடையே ஓடவிட்டால், அறுந்த இழையை எங்கே ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அன்று சோதனைக்கு நின்றவர் பத்தமடையிலிருந்து வந்த ஒரு பாய். வேலைநிறுத்தத்தில் முதலில் பேசியவர் அவர்தான். அன்று காலையிலேயே துரை என்னைக் கூப்பிட்டு, அந்த ஆள் மெஷினுக்கு வரக்கூடாது, தலைமைக் குமாஸ்தா நாற்காலி காலியாக இருக்கிறது என்று இரண்டே வாக்கியம் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஓடுகிற மெஷினில் பத்து இழைகளை அறுத்துவிட்டார்கள். பாய் பத்தையும் ஒட்டினார். அண்ணாச்சி விரலுக்கு ஓர் ஒட்டுகூடத் தட்டுப்படவில்லை. ஆபீஸ் அறைக்கு வந்து ‘தேறினார்’ என்றார் அண்ணாச்சி; மேஸ்திரியாலும் குறை சொல்ல முடியவில்லை. நான் ‘தேறவில்லை’ என்று எழுதினேன். எழுதியதை எட்டிப் படித்த மேஸ்திரி, புரிந்துகொண்டே கையெழுத்திட்டார். வாசித்துக் காட்டட்டுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். வேண்டாம் என்பார் என்று தெரிந்தேதான் கேட்டேன்.

“உபதேசியார் மவன் எழுதுனத வாசிச்சா பாக்கணும்? மையைக் கொண்டாரும்” என்று சிரித்துக்கொண்டே பெருவிரலை அழுத்தினார்.

மறுநாள் பலகையைப் பார்த்ததும் எல்லாருடைய கோபமும் அண்ணாச்சி மேல் திரும்பியது. தேறினார் என்றுதான் சொன்னேன் என்று அவர் சத்தியம் செய்தார். தாளில் அவர் ரேகை இருக்கிறதே என்றார்கள். ரைட்டர் மாற்றி எழுதியிருப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவருக்குமே தோன்றவில்லை. சொன்னதை நான் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்றுதான் என்னிடம் வந்து கேட்டார். நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன் என்றேன். பிறகு வாசலில் அவர் வரும்போதெல்லாம் யாராவது ஒருவன், “அண்ணாச்சி, பெருவிரலைத் தொரைக்கே குடுத்துட்டீரோ?” என்பான். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். சங்கத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். அந்தத் தலைமைக் குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மாதம் தாங்கினேன். ஒரு நாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்று உரக்க வாசித்தேன். தமிழிலும் சொன்னேன். இதை எழுதியது நான், அண்ணாச்சிக்குத் தெரியாது என்றேன். இரண்டு பேர் அடிக்க வந்தார்கள். அண்ணாச்சிதான் கையை நீட்டித் தடுத்தார். அன்றே துரை என்னை வெளியே அனுப்பினார். மெஷின்கள் நின்றுபோகும் என்று சங்கம் சொல்லவே, மறுசோதனைக்கு ஒப்புக்கொண்டார். இனி முடிவைத் தமிழில் எழுதி, எல்லார் முன்பும் வாசித்த பிறகே ஒப்பமிட வேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று.

சோதனை நாளில் நான் வாசலுக்கு வெளியே நின்றேன். உள்ளே நடந்ததைப் பிறகு கேட்டறிந்தேன். எட்டு மாதம் பஞ்சுக் கட்டுகளின் இரும்புப் பட்டையைப் பிடித்துத் தூக்கியதில் பாயின் விரல் நுனிகள் வெட்டுப்பட்டு, காய்த்துப்போயிருந்தன. இழை அகப்படவில்லை. பத்தில் ஆறு ஒட்டு முடிச்சு முடிச்சாக நின்றது. மேஸ்திரிகூடத் தேறியதாக விட்டுவிடலாம் என்றாராம். தேறினார் என்று சொல்லும்படி கூடியிருந்தவர்கள் அண்ணாச்சியைக் கெஞ்சினார்களாம்.

“கள்ளத்துக்கு ஒருக்கா ரேகை வச்சாச்சு. இன்னொருக்கா வைக்க மாட்டேன்” என்றாராம் அவர். தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அழுதுகொண்டே விரலை அழுத்தினாராம்.

பாய் வெளியே வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். என் பக்கத்தில் நின்று, கோபமே இல்லாமல் பையச் சொன்னார்:

“அன்னைக்கு நீரு எழுதுனது இன்னைக்கு நெசமாயிட்டு வே.”

சொல்லிவிட்டுக் கிட்டங்கிக்குத் திரும்பிப் போனார்.