டீ பிஸ்கட் தின்ன கிளி

அதான் சொல்றேன் கேளு, மூணாவது மாடிக்காரி நாய்க்குத் தனியா கோழி வேக வைக்கிறாளாம், புருஷனுக்கு நேத்து வச்ச ரசமாம். சரி, அத விடு. உன் கதைக்கு வா. நீ அந்த வெளிநாட்டுப் பறவைக்கு ஆன்லைன்ல பாக்கெட் பாக்கெட்டா வரவழைச்சுக் கொட்டுற, அது சூரியகாந்தி விதைய மட்டும் பொறுக்கிட்டு மீதிய உன் மூஞ்சில துப்புது. அவ்வளவுதானே? இதுக்கா கண்ணக் கசக்கிக்கிட்டு வந்த? எங்க வீட்ல ஒண்ணு இருந்துச்சும்மா, அதுக்கு உன்னுது ரொம்ப சாது.

அப்ப நான் சின்னப் பொண்ணு. இதே செகந்திராபாத்ல, மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்தோம், அப்பாவுக்கு லைன்ல வேலை. எங்கம்மாவோட தம்பி, எங்க மாமா, ஊர்ல இருந்து வேலை தேடிக்கிட்டு வந்து எங்களோட தங்கியிருந்தாரு. காத்தால கிளம்பி சனத்நகர் பக்கம் கம்பெனி கம்பெனியா ஏறி இறங்குவாரு. சாயங்காலம் செருப்பு தேயத் திரும்பி வருவாரு. ஒரு நாள் வாசல் வேப்ப மரத்தடியில றெக்கை அடிபட்டுக் கிடந்துச்சுன்னு ஒரு பச்சைக்கிளிய சட்டைக்குள்ள வச்சுத் தூக்கிட்டு வந்தாரு. இப்ப பச்சைக்கிளி வளர்த்தா போலீஸ் பிடிப்பாங்களாமே? அப்ப யாரு கேட்டா.

அந்தக் கிளி டீயில நனைச்ச பிஸ்கட்டத் தவிர எதையும் தொடாது. பழக்கிவிட்டது யாரு? மாமாதான். வீட்டுக்கு வந்ததும் அம்மா சோறு போடவான்னு கேப்பாங்க. வெளிய சாப்பிட்டேன்க்கா, டீ மட்டும் குடு போதும்பாரு. கூண்டுகிட்ட உக்காந்து பிஸ்கட்ட நனைச்சுத் தனக்கு ஒரு கடி, கிளிக்கு ஒரு கடி. எனக்கு அதப் பாக்க அவ்வளவு ஆசையா இருக்கும்.

போகப் போக கிளிக்கு இறகு கொட்டிப் போச்சு. வாலு மொட்டை. பொழுதன்னிக்கும் உப்பிக்கிட்டுத் தூங்குது. பக்கத்து குவார்ட்டர்ஸ்ல ஒரு உருதுக்காரம்மா, சித்தி மாதிரி, காலாம்மான்னு கூப்பிடுவோம், அவங்க வீட்ல காலங்காலமா கிளி வளர்த்தவங்க. வந்து பாத்துட்டு, பிஸ்கட் நக்கோ பேட்டி, வேணாம் மகளே, இப்படியே போனா மழைக்காலத்தப் பாக்காதுன்னு சொல்லிட்டாங்க. நான் அழுத அழுகைல தெருவே கூடிருச்சு. அம்மாவும் கோவைக்காய், கொய்யா, ஊற வச்ச கடலை, கீரைத்தண்டுன்னு எல்லாம் வச்சுப் பாத்தாங்க. ஒண்ணொண்ணா எடுத்து வீசும். ஒரு கடலை நேரா எங்கப்பா தலையில. அவருக்கு அப்பவே வழுக்கைன்னு வச்சுக்கோயேன்.

மறுநாள் சாயங்காலம் மாமா வந்து உக்காந்தாரு. டீ வரல. அம்மா ஒரு தட்டு நிறைய சோறு, கோவைக்காய்ப் பொரியல், பருப்பு எல்லாம் கொண்டாந்து கூண்டு முன்னாடி வச்சாங்க. கூண்டுக்குள்ள நாலு பச்சைக் கோவைக்காய்த் துண்டு. மாமா, வயிறு நிறைஞ்சிருக்குக்கான்னாரு.

"உன் வயித்த யாருடா கேட்டா? கிளிக்குப் பசிக்குது. நீ எதத் தின்னா அது அதத் தின்னும். உக்காந்து தின்னு காட்டு."

மாமா என்னப் பாத்தாரு. நான் கண்ணுல தண்ணியோட நிக்கிறேன். வேற வழியில்லாம ஒரு வாய் எடுத்து வச்சாரு. கிளி தலையச் சாச்சு ஒரு கண்ணால பாத்துச்சு, அவ்வளவுதான். அன்னிக்கு ஒண்ணும் தொடல. அது சரியா பாக்கலை, இன்னொரு தடவ காட்டுன்னு அம்மா இன்னொரு கரண்டி போட்டாங்க. நானும், மாமா சத்தமா மெல்லு மாமான்னு பக்கத்துல நின்னு ஏவிக்கிட்டே இருந்தேன்.

அப்புறம் தினமும் அதே கூத்துதான். ஒரு நாள் பீர்க்கங்காய், ஒரு நாள் முருங்கைக்கீரை, ஒரு நாள் சோளம். ஒரு நாள் மாமா தட்டுல முட்டை! எங்க வீட்ல முட்டை அதிசயம்மா. கிளி முட்டை தின்னுமான்னு கேட்டேன். ஹவ், ஆமா, ஹைதராபாத் கிளி எல்லாம் தின்னும், நீ போய்ப் படின்னு அம்மா விரட்டிட்டாங்க. நான் எங்க படிச்சேன்! எனக்கு வயித்தெரிச்சல்னா அப்படி ஒரு வயித்தெரிச்சல், கிளியாப் பொறந்திருக்கலாம்னு நினைச்சேன்.

ஒரு சாயங்காலம் மாமா கொய்யாவக் கடிச்சுக்கிட்டே அப்பாகிட்ட ஏதோ பேசிட்டு இருந்தாரு. கிளி கம்பியில ஓரமா நகந்து நகந்து வந்து, அவரு விரலுக்கு நடுவுல இருந்த துண்ட வெடுக்குன்னு பிடுங்கிச்சு. பிடுங்கி, ஒரு கால்ல பிடிச்சுக்கிட்டு, கடிச்சு முழுசாத் தின்னுச்சும்மா! நான் குதிச்ச குதியில பக்கத்து வீட்டு காலாம்மா ஓடி வந்தாங்க. அம்மா அடுப்படி வாசல்ல நின்னு முந்தானையால கண்ணத் தொடைச்சுக்கிட்டாங்க. அம்மா, கிளியப் பாரு, கிளியப் பாருன்னு கையப் பிடிச்சு இழுக்கறேன். அவங்க கூண்டுப் பக்கமே திரும்பல. மாமா முன்னாடி இருந்த தட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. வழிச்சுத் தின்னிருந்தாரு.

மாமாவுக்கு அப்புறம் சனத்நகர்லயே வேலை கெடச்சுது. கிளி என்ன குடுத்தாலும் தின்னு குண்டாச்சு. எனக்குப் புள்ளை பொறந்தப்புறம்தான் ஒரு நாள் அம்மா சொன்னாங்க. ரேஷன் அரிசி சீக்கிரம் தீந்து போச்சேன்னு அப்பா என்னிக்கோ பொதுவா ஒரு வார்த்தை சொன்னாராம். அவரு மனசுல ஒண்ணும் கிடையாது. மாமா அத மனசுல போட்டுக்கிட்டு, அன்னிலேருந்து 'வெளிய' சாப்பிட ஆரம்பிச்சிருக்காரு. வெளியன்னா என்ன, ஸ்டேஷன் குழாய்த் தண்ணிதான். அப்ப எனக்கு என்ன தெரியும்? எங்கம்மா மாதிரி கிளி மேல உசுர வச்சவங்க இந்த செகந்திராபாத்லயே கிடையாதுன்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

அதனால நீயும் தட்ட எடுத்துக்கிட்டுக் கூண்டு முன்னாடி உக்காந்து, கேரட்ட நல்லா சத்தமா கடிச்சு... இரு இரு, குழாய்ல தண்ணி வந்துருச்சு, மோட்டார் போடணும், நகரு.